நெப்ராஸ்காவின் முறை

வெர்னா லுட்கே நாற்பத்து நான்கு வருடம் கட்சிக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டியவர். பனியில் வழுக்கி விழுந்திருக்கிறார், நாய்க்கடி பட்டிருக்கிறார். இந்த வருடம்தான் முதன்முறையாக, நெப்ராஸ்காவின் பிரதிநிதியாகத் தேசிய மாநாட்டுக்குத் தேர்வானார். ஜூனில் இடுப்பெலும்பு முறிந்தது. மாற்றுப் பிரதிநிதி மார்லிஸ் அவருடைய இடத்தில் மாநாட்டுக்குப் போனாள். வெர்னா சக்கர நாற்காலியில் எங்கள் பராமரிப்பு இல்லத்துக்கு வந்தார்.

அங்கே குளிப்பாட்டி, உடை மாற்றிச் சாப்பாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறவள் நான். அதிகம் பேச மாட்டேன். அதனாலோ என்னவோ எல்லாரும் என்னிடம் பேசுவார்கள்.

அன்று மாநாட்டில், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாகப் பெயர் கூப்பிட்டு ஓட்டுக் கேட்கும் நாள். நெப்ராஸ்கா பதில் சொல்வதை நேரடியாகப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் வெர்னாவின் ஆசை. ஆனால் கூப்பிடுவது சாயங்காலம் நாலு மணிக்கு. பெரிய சேனல்கள் ராத்திரி ஒரு மணி நேரம்தான் காட்டும். முழு மாநாட்டையும் காட்டுகிற சேனலை யாரும் பார்ப்பதில்லை என்று எங்கள் இல்லத்தில் எடுத்துவிட்டார்கள்.

கூடத்து டிவியில் சேனல்களைத் தள்ளிக்கொண்டே போனேன். வானிலை, கேக் அலங்காரம், நீதிபதி ஒருவர் யாரையோ திட்டுவது. செய்திச் சேனலில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால், மாநாட்டு மண்டபம் எறும்புப் புற்று மாதிரி தெரிந்தது.

"அவங்க தலைய கொஞ்சம் நகத்தச் சொல்லு," என்றார் வெர்னா.

"மாட்டுச் சந்தை விலை போடு பொண்ணே," என்றார் பக்கத்து அறை டெல்மர்.

"உன்கிட்ட ஒரு மாடுகூட இல்லையே, டெல்மர்."

"உன்கிட்ட மட்டும் கட்சி இருக்காக்கும்."

வெர்னா சக்கர நாற்காலியைத் திரைக்குக் கிட்டே உருட்டினார்.

நாலரைக்கு எல்லாரும் சாப்பாட்டு மேசையில் இருந்தாக வேண்டும். டிவியை அணைத்துவிடுவார்கள். வேலை நேரத்தில் கைபேசியை எடுத்ததற்காக மேற்பார்வையாளர் பெக் என்னை ஏற்கெனவே ஒருமுறை எச்சரித்திருந்தாள். இன்னொரு முறை என்றால் வேலை போய்விடும். ஆனாலும் மாநாட்டை முழுதாகக் காட்டும் ஒளிபரப்பைக் கைபேசியில் தேடிப் பிடித்து, வெர்னாவின் தட்டுக்குப் பக்கத்திலிருந்த பால் பெட்டியில் சாய்த்துவைத்து, கைத்துண்டால் பாதி மறைத்தேன்.

மிசூரி. மொன்டானா. நெப்ராஸ்கா.

மார்லிஸ் சோளக்கதிர்த் தொப்பியோடு ஒலிவாங்கியைப் பிடித்தாள். எங்கள் மாநிலத்துக் கொக்குகளைப் பற்றியும் மாட்டிறைச்சியைப் பற்றியும் பெருமையாகச் சொன்னாள். பிறகு, "நெப்ராஸ்கா இப்போதைக்கு விட்டுக்கொடுக்கிறது," என்றாள்.

"ஓட்டு சொல்லவே இல்லையே," என்றேன்.

"மரியாதைக்கு விட்டுக்குடுக்கிறதுதான். ஜெயிக்கிற எண்ணிக்கைய வேட்பாளரோட சொந்த மாநிலமே சொல்லட்டும்னு. வயோமிங் முடிஞ்சா திரும்ப நம்மளைத்தான் கூப்பிடுவாங்க. கடைசி வார்த்தை நம்மளது." வெர்னா முதல்முறையாக ஒரு வாய் சாப்பிட்டார். "மார்லிஸுக்கு மூளை இருக்கு. சொல்லிடாதே அவகிட்ட."

டென்னசி வந்தது. வேட்பாளரின் சொந்த மாநிலம். எண்ணிக்கையைத் தாண்டியாயிற்று. மண்டபமே எழுந்து நின்றது. அப்போது ஒருவர், மீதி மாநிலங்களைக் கூப்பிட வேண்டாம், ஒருமனதாகவே தேர்ந்தெடுத்துவிடலாம் என்று முன்மொழிந்தார். சம்மதிப்பவர்கள் சொல்லுங்கள் என்றதும் ஒரே கூச்சல். எதிர்ப்பவர்கள் என்று கேட்ட மூச்சிலேயே மரச் சுத்தியலைத் தட்டிவிட்டார்கள். இசை ஆரம்பித்தது.

வெர்னா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வயோமிங் வரவில்லை. நெப்ராஸ்காவும் வரவில்லை.

"எதிர்க்கிறேன்," என்றார். மண்டபத்துக்கே கேட்க வேண்டும் என்பது போலச் சொன்னார். கரண்டிச் சத்தமெல்லாம் நின்றது. நான் கைபேசியை மடியில் தள்ளிக் கைத்துண்டால் அமுக்கினேன். இசை மெலிதாகக் கேட்டுக்கொண்டேயிருந்தது.

"உன் ஆளுதானே ஜெயிச்சான்," என்றார் டெல்மர்.

"என் ஆளுதான். ஆனா எங்களைக் கேக்கலையே."

சத்தம் கேட்டு வந்த பெக், குனிந்து, பட்டாணி அப்படியே கிடந்த தட்டைப் பார்த்தாள்.

"பட்டாணி புடிக்கலையா, வெர்னா? சொல்லியிருந்தா போட்டே இருக்க மாட்டோமே," என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.