கொட்டாஞ்சேனையில் வாங்கிய கண்ணாடி

சின்னம்மாவுக்குத் தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாது. பஸ் வந்தால் அதன் நெற்றியில் எழுதியிருப்பதை நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். கலியாணம் பேசும் நேரத்தில் தங்கை கண்ணாடி போட்டால் வருகிற சம்பந்தமும் போய்விடும் என்று அம்மா பயந்தார். ஆகவே சின்னம்மா கதவிலும் கதிரையிலும் இடித்துக்கொண்டு அழகாக இருந்தார்.

ஒரு சனிக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கப் போவதாகச் சொல்லி அவர் என்னைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் வெள்ளவத்தையில் இல்லாத சப்பாத்தா என்று நான் யோசிக்கவில்லை. பஸ்ஸில் யன்னல் ஓரம் கிடைத்ததே போதுமாக இருந்தது.

அங்கே நாங்கள் நுழைந்தது, ட்ராம் ஓடிய காலத்தில் முதலாளியின் பாட்டனார் தொடங்கிய கடை. ஒரு சுவர் முழுக்கச் சப்பாத்து. எதிர்ச் சுவரில் மூக்குக்கண்ணாடி. இரண்டும் ஏன் ஒன்றாக விற்கிறீர்கள் என்று கேட்டேன்.

“அந்தக் காலத்தில கந்தோருக்கு உத்தியோகம் பாக்கப் போற ஆக்கள்தான் ரெண்டையும் போட்டவை, பிள்ளை. ஒருக்கா வந்தால் ரெண்டு அலுவலும் முடியும்” என்றார் முதலாளி.

அவர் சின்னம்மாவின் மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை வைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். சின்னம்மா வாசல் பக்கம் திரும்பினார்.

“அந்தக் காகம் வாயில என்னவோ வச்சிருக்கு” என்றார்.

அன்று பின்னேரமே கண்ணாடி அவர் கைப்பைக்குள் போய்விட்டது. என் சப்பாத்தை ஒருவரும் சரியாகக் கவனிக்கவில்லை. அந்த வருடம் முழுவதும் அதற்குள் என் கால்கள் நீந்தின.

அடுத்த கிழமை பெண் பார்க்க வந்தார்கள். தேநீர்த் தட்டோடு வந்த சின்னம்மாவின் முகத்தில் கண்ணாடி இருந்தது. அம்மா உறைந்துபோனார்.

மாப்பிள்ளையின் தாய், “எப்ப தொடக்கம் பிள்ளைக்குக் கண் தெரியாது?” என்று கேட்டார்.

“போன கிழமையில இருந்து நல்லாத் தெரியுது, மாமி” என்றார் சின்னம்மா.

தட்டை வைத்துவிட்டுத் தலையைக் குனியாமல், மாப்பிள்ளைக்கு நேரெதிரே உட்கார்ந்தார்.

அவர்களிடமிருந்து மறுமொழி வரவில்லை. அம்மா இரண்டு நாள் யாரோடும் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. பாழாய்ப்போன கண்ணாடியால் வந்த வினை என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள்; நானும் நம்பினேன். சின்னம்மா மனம் உடைந்திருப்பார் என்று எண்ணி, ஆறுதல் சொல்லக் குசினிக்குப் போனேன். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து, வந்தவர்களுக்கென்று செய்து மிஞ்சிய பயற்றம் பணியாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பாவம் சின்னம்மா, அந்த மாப்பிள்ளை எவ்வளவு நல்லவர்! என்ன கேட்டாலும் தாயின்ர முகத்தைப் பாத்திட்டுத்தான் பதில் சொன்னவர்” என்றேன்.

“ஓம் பிள்ளை, நானும் கண்டனான்” என்று சிரித்துக்கொண்டே சொல்லி எனக்கும் ஒரு பணியாரம் தந்தார்.

துக்கத்தை மறைக்கத்தான் அப்படிச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அதைத் தின்றேன்.