வேகமாக ஓடிய கேசட்

பள்ளி நாட்களில் எனக்குச் சாமி என்றால் ஒருவர்தான். சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்கு அக்கார்டியன் வாசித்தவர். அவர் தனியாக வாசித்த கேசட் ஒன்றை, மங்கலம்பேட்டையில் சவுதியிலிருந்து திரும்பிய பாய் ஒருவரிடம் அப்பா வாங்கிய டேப் ரெக்கார்டரில் தேயத் தேயக் கேட்டேன். கீபோர்டில் முதலில் பழகியதும் அதன் தொடக்க மெட்டைத்தான். பிறகு எங்கள் ஆர்கெஸ்ட்ரா எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் அதை வாசித்துத்தான் கச்சேரியைத் தொடங்கும்.

போன மாசி மகத்துக்கு எங்கள் ஊருக்கு அவரே வந்தார். கச்சேரிக்கான இசையை நாங்கள் இருவரும் சேர்ந்து அமைப்பதாக ஏற்பாடு. எனக்கு ஒரே ஆசை, ஊர்க்காரர்கள் அந்த மெட்டை அவர் கையால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

பீங்கான் பொம்மைப் பட்டறை மாடியில் ஒத்திகை. நான் வாசித்ததும் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னா தம்பி, நாய் தொரத்துதா? சுருதிய அரைக் கட்டை வேற ஏத்தி வாசிக்கிறீங்க?"

"நீங்க வாசிச்சதுதான் மாஸ்டர்!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டிலிருந்து டேப் ரெக்கார்டரையே தூக்கிவந்து போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இதோட மோட்டார் வேகமா ஓடுது தம்பி! அதான் சுருதியும் ஏறிப்போச்சு."

அடக் கடவுளே! ஒரு கோளாறு மோட்டாருக்காகவா கறுப்புக் கட்டைகளில் விரல் ஒடியச் சாதகம் செய்தேன்? எல்லோருடைய பகுதியையும் அரைக் கட்டை இறக்கி, நிதானமாக்கித் திருத்தி எழுதினோம்.

மேடையில் அவர் வாசித்தார். அப்படியொரு குழைவு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"பாவம், பெரியவருக்குக் கை வரல. நம்ம கீபோர்டு தம்பிய வாசிக்கச் சொல்லுங்கய்யா!"

கூட்டம் விசிலடித்தது. எனக்கு உடம்பே கூசியது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வேறு வழியில்லாமல் பழைய வேகத்தில் வாசித்தேன். ஊரே ஆடியது.

"இதான்யா ஒரிஜினலு!" என்றார் அதே ஆள்.

மறுநாள் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, அந்த டேப் ரெக்கார்டர எனக்குத் தர்றீங்களா?"

"தாராளமா மாஸ்டர். மோட்டார ரிப்பேர் பண்ணி அனுப்புறேன்."

"ஐயோ, அதுல கை வச்சிடாதீங்க" என்றார். "அதுலதான் நான் நல்லா வாசிக்கிறேன்."