பேசுகிறாள் என்று நான்தான் சொன்னேன்

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மலாயாவின் கிள்ளானில் நான் மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்த ஆஸ்பத்திரிக்கு, பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருத்தியை மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள். முப்பது வயது இருக்கும். ஒரே வாரத்தில் காய்ச்சலுக்கு இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்திருந்தாள். இரண்டாவதைப் புதைத்த மறுநாள் விடியலில் கங்காணி அவளை வேலைக்கு இழுத்துவந்து, ஆள் கணக்கெடுக்கும்போது பெயரைக் கூப்பிட்டிருக்கிறான். வாய் திறந்தது, குரல் வரவில்லை. மூன்று வாரமாக அப்படியேதான்.

"நடிக்கிறா அய்யா. அடிச்சும் பாத்தாச்சு," என்றான் கூடவே வந்த கங்காணி.

வெள்ளைக்கார டாக்டர் தொண்டையைப் பார்த்தார். பழுதில்லை. சண்டையில் பேச்சிழந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். "மனோதிடம் இல்லாத ஆட்களுக்கு இப்படி வரும், பிறவிக் குணம். பேச முடியவில்லையா, பேச மனமில்லையா என்று கவனித்துச் சொல்," என்றார் என்னிடம். இங்கிலீஷும் தமிழும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

பெண்கள் வார்டு ஆயா மத்தியான வேலை ஓய்ந்ததும் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிடுவாள். எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். கேள்வி மட்டும் கேட்க மாட்டாள்.

"அவளைப் பேசச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன் ஒருநாள்.

"எல்லாரும் அதத்தானே சொல்றாங்க. அவளுக்கா வரும்போது வரட்டும்யா."

வைத்தியம் அந்தக் கட்டில் ஓரத்தில்தான் நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பத்தாம் நாள், திரைக்குப் பின்னால் மருந்து கலக்கிக்கொண்டிருந்த என் காதில் காற்றுப்போல ஒரு குரல் விழுந்தது. "சின்னவனுக்குச் சுருட்ட முடி அக்கா." ஆயா "அப்படியா" என்றாள். அவள் கையிலிருந்த சீப்பு நிற்கவில்லை.

நான் நேராக டாக்டரிடம் போய், பேசுகிறாள் என்றேன். "அப்படியானால் மனமில்லைதான், சிப்பாய்களுக்கு வைத்த மின்சாரத்தையே வைப்போம்," என்றார் அவர்.

திரும்பி வரும்போது ஆயா என்னை வழிமறித்தாள். "கொஞ்ச நாள் விட்டுடுங்கய்யா. இப்பப் பயமுறுத்துனா எல்லாம் உள்ளுக்கே போயிடும்."

"டாக்டரைவிட உனக்குத் தெரியுமோ? போய்த் தரையைக் கூட்டு."

மின்சாரப் பெட்டியை நான்தான் தூக்கிவந்தேன். டாக்டர் கம்பியை அவள் தொண்டையில் வைத்தார்; கைகளை நான் பிடித்துக்கொண்டேன். "பெயரைச் சொல்லச் சொல்," என்றார். சொன்னேன். மூன்றாம் தடவை அலறினாள். ஐந்தாம் தடவை பெயரைச் சொன்னாள். பிறகு கேட்டதையெல்லாம் சொன்னாள்: ஊர், தோட்டம், புருஷன் பெயர். டாக்டர் என் தோளைத் தட்டினார். அவள் என்னைப் பார்த்து, "பேசுறேன் சாமி, பேசுறேன் சாமி," என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அதை மறைக்கவும் இல்லை.

மறுநாளே அவளைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எதிர்த்துப் பேசினாள் என்று நான் சொன்னதில் ஆயாவுக்கு வேலை போயிற்று.

நான்கு மாதம் கழித்து அவளை மறுபடி கொண்டுவந்தார்கள். பேச்சில் குறையில்லை. வலக்கை விரல்கள்தான் மடங்கவில்லை. பால்வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. எலும்பில் பழுதில்லை என்றார் டாக்டர்.

அவள் வார்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "அக்கா எங்க சாமி?"

"வேலைய விட்டு நின்னுட்டாங்க."

அவள் இடக்கையால் வலக்கையைத் தூக்கி, தானாகவே மேசைமேல் நீட்டி வைத்தாள். நான் மின்சாரப் பெட்டியைத் திறந்தேன்.