குரங்குக்குச் சாத்திய சன்னல்

காலையிலிருந்து யாரோ ஒருவன் போன் செய்து, "தனியாவா வந்திருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அறையைக் காலி செய்யும் நேரம் பார்க்க, நான் தங்கியிருக்கும் குற்றாலம் லாட்ஜின் இணையதளத்தைத் திறந்தேன். என் ஆதார் அட்டை, போன் நம்பர், அறை எண், 'பெண், ஒருவர்' என்ற குறிப்பு. எல்லாம் ஊருக்கே திறந்து கிடந்தது. மற்றவர்களுடையதும்தான்.

ஓனரிடம் காட்டினேன்.

"பாஸ்வேர்டு இருந்துச்சும்மா. சீசனுக்கு வேலைக்கு வார பயலுவ மறந்து மறந்து என்னையக் கூப்பிடுதானுவ. அதான் எடுத்துட்டேன்."

"அண்ணாச்சி, முதல்ல அதை மூடுங்க."

"உங்களுதை மட்டும் இப்பவே எடுத்துருதேன். மத்தவங்ககிட்ட சொல்லிராதிய."

திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து அக்கறையாகக் குரல் வந்தது: "சன்னலைச் சாத்திக்கிடுங்கம்மா, குரங்கு பையைத் தூக்கிட்டுப் போயிரும்!"

குரங்காவது, பையில் தின்ன ஒன்றும் இல்லையென்றால் எறிந்துவிட்டுப் போய்விடும். போனில் இவன் இன்னும் கூப்பிடுகிறான்.