பௌர்ணமியன்று மாற்றிய டைமிங் பெல்ட்

காரின் டைமிங் பெல்ட்டை வீட்டு வாசலிலேயே மாற்றப்போகிறேன் என்று நான் சொன்னபோது, குடும்பத்தில் ஒருவர்கூட “எப்படி மாத்துவ?” என்று கேட்கவில்லை. “உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்றுதான் கேட்டார்கள். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். இன்ஜின் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்த்தவள். பெண் பார்க்க வந்த அன்று இதையெல்லாம் வாய்நிறையப் பேசினார்கள். கல்யாணம் முடிந்ததும், சீர்வரிசையில் வந்த பெரிய அண்டாவோடு சேர்த்து என் படிப்பையும் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

டைமிங் பெல்ட் என்பது பல் வைத்த ரப்பர் பட்டை. இன்ஜினின் மேல்பாகமும் கீழ்பாகமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் ஒரே தாளத்தில் சுற்ற வைப்பது அதுதான். ஓடும்போது அறுந்தால் இன்ஜின் வீண். எங்கள் பழைய டீசல் காரில் அது வெடிப்பு விட்டிருந்தது. பட்டறையில் கொடுக்க எனக்கு மனமில்லை. போன முறை விட்ட பட்டறையில், வேலை முடிந்து ஒரு போல்ட் மிஞ்சிவிட்டது. “இது எக்ஸ்ட்ரா மேடம், வச்சிக்கோங்க” என்று அதை என் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள்.

நாங்கள் இருப்பது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய சந்தில். பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தில் வண்டியை வெளியே எடுக்க முடியாது. அன்று யாரும் “கொஞ்சம் பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வா” என்று கேட்கவும் முடியாது. அதனால் பௌர்ணமியையே தேர்ந்தெடுத்தேன். கணவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில்தான் வருவார். வீட்டில் நானும் மாமியாரும்.

காலையில் முதல் வேலையாக பேட்டரி ஒயரைக் கழற்றி ஓரமாக மடித்து வைத்தேன். ஜாக்கி ஏற்றி, முன்சக்கரத்தைக் கழற்றி, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கணவரின் அண்ணன் வந்துசேர்ந்தார்.

அவர் மனை வியாபாரத் தரகர். “வாசல்ல நின்னா மலை தெரியும்” என்று சொல்லி சென்னைக்காரர்களுக்கும் ஆந்திராக்காரர்களுக்கும் மனை விற்பவர். மாடி கட்டி, அதன்மேல் தண்ணீர்த் தொட்டியில் ஏறி நின்றால் தெரியும் என்பதைப் பத்திரம் முடிந்த பிறகுதான் சொல்வார். இல்லாத ஒன்றைக் கண்ணெதிரே காட்டிப் பழகியவர் என்பதால், தெரியாத விஷயம் என்று அவருக்கு எதுவும் கிடையாது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இதெல்லாம் வீடியோவுல பாத்திருக்கேன்மா. சும்மா மாவு மிஷின் பெல்ட் மாதிரிதான். இழுத்து மாட்டுனா முடிஞ்சுது.”

“இது அப்படியில்ல மாமா. ஒரு பல்லு தள்ளி மாட்டுனாலும் இன்ஜின் போயிடும்.”

“நீ ஜாஸ்தி யோசிக்கிற.”

பல்சக்கரங்களை அவற்றின் குறிகளுக்கு நேராக நிறுத்தி, அடையாளம் தெரிவதற்காகச் சிவப்பு நெயில் பாலிஷ் தொட்டு வைத்தேன். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. “பொம்பளைங்க வண்டிய ரிப்பேர் பண்ணா அதுக்கும் மேக்கப் போடுவாங்க போல!”

காலையிலிருந்து எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவர் மாமியார்தான். நான் கேட்காமலேயே கை போகும் இடத்துக்கு வெளிச்சம் போனது. மூத்த மகனுக்குக் காபி வேண்டும் என்று தெரிந்தும் அவர் அசையாமல் நின்றதை நான் கவனித்தேன், மகனும் கவனித்தார்.

கிரிவலம் போகிறவர்கள் சிலர் சந்துக்குள் வந்து தண்ணீர் கேட்டார்கள். நான் காருக்கு அடியில் கிடந்தேன். கை முழுக்கக் கிரீஸ். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து ஒருவர், “நீங்களே ரிப்பேர் பண்றீங்களா சார்?” என்று கேட்டார்.

“ஆமாங்க. நம்ம வண்டிய நாமதான் பாத்துக்கணும்” என்றார், சட்டையில் ஒரு மடிப்புகூடக் கலையாமல்.

பழைய பெல்ட்டை எடுத்து, புதியதை மாட்டினேன். அதை இறுக்கிப் பிடிக்கும் உருளையை மட்டும் இன்னும் முறுக்கவில்லை. அதற்குள் அடுப்பில் வைத்திருந்த சோறு நினைவுக்கு வர, கை கழுவ உள்ளே போனேன். மாமியாரும் பின்னாலேயே வந்தார். சோற்றை வடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு கூச்சல்.

“போச்சு! எல்லாம் போச்சு!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். சாவி துளையில் இருந்தது.

“சாவியப் போட்டுத் திருப்புனேன், ஒரு சத்தம்கூட இல்ல. இன்ஜினையே சாகடிச்சிட்டியேம்மா!”

பேட்டரி ஒயர் மட்டும் மாட்டியிருந்தால், இறுக்காத பெல்ட் நழுவி, வால்வும் பிஸ்டனும் மோதி, அவர் வாய்ச்சொல் அப்படியே பலித்திருக்கும். ஒயரைக் கழற்றி வைப்பது மின்சாரத்துக்குப் பயந்து என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். சொந்தக்காரர்களுக்குப் பயந்தும்தான் என்று யாரும் சொல்லவில்லை.

“யாரக் கேட்டு சாவியத் தொட்டீங்க?” என்றேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுவே முதல் முறை. “பேட்டரி ஒயரே மாட்டல. கண்ணு முன்னாடிதான கெடக்குது?”

அவர் காதில் அது விழவேயில்லை. போனை எடுத்துக்கொண்டு சந்துமுனைக்குப் போய்விட்டார். சற்று நேரத்தில் கணவர் பெங்களூரிலிருந்து அழைத்தார். “அண்ணன் சொல்றாரு, இன்ஜின் போயிடுச்சாமே?”

மாமியார் என் கையிலிருந்து போனை வாங்கினார். “இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவல. உங்கண்ணனுக்கு வாய்தான் கெட்டுப்போயிருக்கு. நீ போய் வேலையப் பாரு.” வைத்துவிட்டு, காரிலிருந்து சாவியை உருவித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். “நீ ஆவறதப் பாரும்மா” என்று டார்ச்சை எடுத்தார்.

உருளையை இறுக்கினேன். இன்ஜினை ஸ்பேனர் போட்டுக் கையாலேயே முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். எங்கும் முட்டவில்லை. சிவப்புப் பொட்டுகள் எல்லாம் குறிகளுக்கு நேராக வந்து நின்றன. மூடிகளைப் போட்டு, சக்கரத்தை மாட்டி, கடைசியாக பேட்டரி ஒயரையும் மாட்டினேன். மாமியார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, நல்ல நாளில் வெற்றிலை பாக்கு கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார். திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. கிரீஸ் கையால் துடைத்து, முகமெல்லாம் கறுப்பாகி, இருவரும் சிரித்தோம்.

மறுநாள் காலை பாதை திறந்ததும், ஓட்டிப் பார்க்கலாம் என்று மாமியாரின் தங்கை வீடு இருக்கும் கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பினோம். வண்டியை எடுக்கும் நேரத்தில் கணவரின் அண்ணன் வந்தார். உடன் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர்.

“இன்ஜின் போன வண்டின்னு சொன்னாரு. இருக்குற நெலமையிலயே எடுத்துக்கலாம்னு வந்தேன்” என்றார் அந்த ஆள், ஓடிக்கொண்டிருந்த காரைக் குழப்பத்தோடு பார்த்து. தரகருக்குத் தம்பி வண்டியும் ஒரு மனைதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்ஜின் செத்துவிட்டதாக அவர் அலறிய நேரத்திலேயே அதற்கு ஆள் பார்த்திருக்கிறார்.

வந்தவர் பானெட்டில் காது வைத்துக் கேட்டார். “நல்லாத்தான ஓடுது? சத்தமே கம்மியா இருக்கே.”

கணவரின் அண்ணன் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. “பின்ன? நேத்து ஃபுல்லா உக்காந்து நாங்களே பெல்ட் மாத்தியிருக்கோம். இப்ப வெலை வேற!”

‘உக்காந்து’ என்றதில் பொய் இல்லை.

“விக்கிறதுக்கு இல்லங்க” என்றேன் வந்தவரிடம். மாமியார் முன் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டார். மூத்த மகன் வெளியே நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் அசைந்தது. கீழ்பென்னாத்தூர் போய்ச் சேரும்வரை இன்ஜின் ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை. அங்கே வாசலுக்கு வந்த தங்கை, “ஐயோ, எரிஞ்சுபோச்சின்னாங்களே, அந்த வண்டியா இது?” என்று கேட்டார்.

போன வாரம் கணவரின் அண்ணன் போன் செய்தார். அவரிடம் மனை வாங்கிய சென்னைக்காரர் ஒருவருக்கு இதே மாடல் கார். “பெல்ட்டு நாம மாத்தித் தர்றோம்னு சொல்லிட்டேம்மா.”

மாற்றித் தருகிறேன், ஆனால் வேலை முடியும்வரை நீங்கள் சந்துக்குள் வரக் கூடாது என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.