ஐயாவுக்கு அறளை பெயரவில்லை

எங்கள் ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, இப்படியான நினைவு மலர்களில் இறந்தவரைப் புகழும்போது இருப்பவர்களையும் சேர்த்துப் புகழ்ந்துவிடுவார்கள். மகளாகிய நான் அதைச் செய்யப் போவதில்லை.

உடுவிலில் பிறந்த ஐயா, முதுசொமாக வந்த செம்மண் காணியில் புகையிலையும் வெங்காயமும் செய்து, கல்வீடு கட்டினார். அம்மா இளவயதிலேயே காலமானபின் அண்ணரையும் என்னையும் தனியே வளர்த்தார். எனக்கு வேறு காணி சீதனமாகத் தந்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அண்ணர் குடும்பம் கொழும்பிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தது. ஐயா அவர்களை ஏற்று, அடுத்த வருடமே வீட்டை அண்ணருக்கு நன்கொடை உறுதிப்பத்திரமாக எழுதினார். தாம் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை ஆளும் சீவிய உரித்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

“தேப்பனுக்கும் மேனுக்கும் இடையிலை உது தேவையோ?” என்று உறுதி எழுதிய நொத்தாரிசுக்கு முன்னாலேயே அண்ணர் முகம் சுழித்தார்.

“நீ என்னை நல்லாப் பாத்தா உந்த எழுத்து சும்மா கிடக்கும். கிடக்கட்டன்” என்றார் ஐயா.

சில வருடங்களில் அண்ணருக்குக் கனடா ஆசை வந்தது. வீட்டை வாங்க ஆளும் பிடித்தார். ஐயா உரித்தை விட்டுக் கையெழுத்து வைத்தால்தான் விற்கலாம். ஐயா மறுத்தார். உடனே அவருக்கு வயதால் புத்தி பேதலித்து அறளை பெயர்ந்துவிட்டது என்ற கதை கிளம்பியது. அவருடைய வெங்காயத்தை வருடாவருடம் சும்மா கட்டிக்கொண்டு போன இனசனமே அதை ஊரின் ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகச் சுமந்து திரிந்தது. அவர்களில் சிலர் இன்று முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைப்பார்கள்.

ஐயாவின் புத்தி தடுமாறிவிட்டது என்று வைத்தியர் எழுதித் தந்தால் கோட்டுக்குப் போய் அந்த உரித்தை நீக்கலாம் என்று யாரோ அண்ணருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் அவர் ஒரு வைத்தியரைக் கூட்டிவந்தார். நானும் அங்கே நின்றேன்.

“ஐயா, இண்டைக்கு என்ன கிழமை?” என்று வைத்தியர் கேட்டார்.

“செவ்வாய். மூண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்கும். அதுக்கு முதல் என்னை விசரனாக்கிப்போட வேணுமெண்டு உவர் உங்களை அவசரப்படுத்தியிருப்பார்.”

வைத்தியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணரைக் காட்டினார். “இவர் ஆர்?”

“என்ரை வீட்டிலை இருக்கிறவர்.”

“மகன் இல்லையோ?”

“நேற்றுவரைக்கும் மேன்தான், டொக்டர்.”

வைத்தியர் பையைப் பூட்டினார். “தம்பி, இவருக்கு ஒரு குறையும் இல்லை. உந்த வேலைக்கு என்னை இனிக் கூப்பிடாதையும்” என்று சொல்லிவிட்டுத் தேநீரும் குடிக்காமல் போனார்.

அண்ணர் வேறு வழியில் பணம் புரட்டிக் குடும்பத்தோடு கனடா போனார். ஐயா தனித்துப்போனார். என்னோடு வரச் சொல்லியும் கேட்கவில்லை. தொண்ணூறில் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து பிள்ளைகளோடு ஒழுங்கையில் நின்ற ஒரு கடற்றொழிலாளர் குடும்பத்தை அவரே கூப்பிட்டு வீட்டில் இருத்தினார். அதற்குப்பிறகு எங்கள் சாதிப் பெரிய மனிதர்கள் அந்தக் கிணற்றில் தண்ணீர் குடிக்கவில்லை. ஐயா பாயில் விழுந்தபோதும் படலை வாசலோடு நின்று சுகம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அவரைக் குளிப்பாட்டியதும், மலம் அள்ளியதும், கஞ்சி பருக்கியதும் அந்த மயிலிட்டி அக்காவும் கணவரும்தான். ஐயாவின் உயிர் அக்காவின் மடியில் பிரிந்தது. கொள்ளி வைத்தவன் என் மகன்.

சாம்பல் ஆறுவதற்குள் சித்தப்பாவின் மகன் வந்தான். “அண்ணை கனடாவிலையிருந்து கொழும்பாலை சொல்லி அனுப்பினவர். அந்தியேட்டிக்கு முதல் அவையளை வீட்டாலை எழுப்பட்டாம்.”

ஐயாவின் மூச்சோடு சீவிய உரித்தும் முடிந்தது. வீடு இப்போது முழுக்க அண்ணருடையது. சட்டத்தில் பிழையில்லை. வீட்டைப் பூட்டித் திறப்புக் கொத்தைச் சித்தப்பா மகனிடம் கொடுத்துவிட்டு, அந்தக் குடும்பத்தை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

பொய் எழுத மறுத்த அந்த வைத்தியருக்கும், ஐயாவைத் தகப்பனாகப் பார்த்த அக்காவுக்கும் கணவருக்கும் என் நன்றி. வேறு எவருக்கும் நன்றி சொல்ல வேண்டிய கடமை எனக்கு இல்லை. இன்றைய அந்தியேட்டிச் சமையல் முழுவதும் அந்த அக்காவின் கையால் ஆனது. சாப்பிட மனமில்லாதவர்கள் மலரை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்.