உடையட்டும் என்று ஜெபித்தேன்

என்னை உயிரோடு உங்கள் முன்னால் நிறுத்தியிருக்கும் ஆண்டவருக்கு முதலில் நன்றி. கம்பு ஊன்றித்தான் நிற்கிறேன். இருந்தாலும் நன்றி.

போன தை மாதம் எங்கள் மகள் எஸ்தருக்கு ஏழு மாதம். சேவூரில் சம்பந்தி வீட்டிலிருந்து பிரசவத்துக்காக அவளை எங்கள் ஊர் நெருப்பெரிச்சலுக்கு அழைத்து வர வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய காரில் இடது முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் விரிசல் விட்டது. அந்த மாடலுக்கு சாமான் வர நாளாகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். வாடகைக் காரில் போகலாம் என்றேன்.

"வாடகைக் கார்ல புள்ளயக் கூட்டிட்டு வந்தா சம்மந்தி மூஞ்சில முழிக்க முடியுமா? நானே பண்ணிக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஃபிட்டர். ஒரு பழைய மெஷினில் துணி ரோல் சுற்றும் இரும்புப் பைப்பை அறுத்தார். பட்டை வைத்து வெல்டிங் அடித்தார், காரில் மாட்டினார். நாளெல்லாம் துணி ரோலைத் தாங்கின பைப்பு ஒரு சக்கரத்தைத் தாங்காதா என்று கேட்டார். ரோல் என்ன, பள்ளத்தில் விழுந்து எழுந்தா ஓடுகிறது? அதை அவரிடம் யார் சொல்வது. தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். குனிந்து பார்த்தேன். வெல்டிங் ஓரத்தில் தையல் விட்ட மாதிரி ஒரு கோடு. காட்டினேன். அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். "இப்பக் கோடு தெரியுதா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை வாசலில் காரை நிறுத்தினார். உங்களில் ஆண்களெல்லாம் குனிந்து குனிந்து பார்த்து மெச்சினீர்கள். போதகர் ஐயா பானட்டில் கை வைத்து, இந்த வண்டிக்கு ஒரு சேதமும் வரக்கூடாது என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னீர்கள். நான் சொல்லவில்லை. ஆண்டவரே, என் மகள் ஏறுவதற்கு முன்னால் இது உடைந்து போகட்டும் என்று கேட்டேன். சபையே ஒரு பக்கம், நான் ஒருத்தி மறுபக்கம். பயந்து பயந்து வாய்க்குள்ளேயேதான் கேட்டேன்.

மதியம் கிளம்பினோம். பின்சீட்டில் உட்கார்ந்தால் எஸ்தருக்குக் குமட்டும். வரும்போது முன்சீட்டில்தான் உட்காருவாள், அந்தச் சக்கரத்தின் பக்கம். போகும்போது அதில் நான் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் ஜெபித்தேன்.

"ஏம்புள்ள, வாய்க்குள்ள என்ன முணுமுணுப்பு?"

ஜெபத்தைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வராது. "எஸ்தர் ஏர்றதுக்கு முந்தி இது ஒடஞ்சு போயரோணும்னு கேக்கறனுங்க."

அவர் சிரித்தார். "அதையும் பாத்தரலாம். ஒடஞ்சா மொதல்ல நீ போ."

சொல்லிவிட்டு வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை மிதித்தார். சேவூருக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை. அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

சக்கரம் மடங்கியது. வண்டி என் பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியது. அவருக்கு நெற்றியில் ஒரு கீறல். எனக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது. கால் கதவுக்குள் மாட்டிக் கதறினேன். அவர் இறங்கி வந்து முதலில் சக்கரத்தைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "வேண்டி வேண்டியே ஒடச்சுப் போட்டயேடி, பாவி" என்றார். ரோட்டில் போனவர்கள்தான் என்னை வெளியே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எஸ்தர் ஓடி வந்து அழுதாள். அவள் வயிற்றில் கை வைத்தேன். உள்ளே குழந்தை உதைத்தது. வலி மறந்து போயிற்று என்று சொல்ல மாட்டேன், உயிர் போகிற வலி. அந்த வலியோடுதான் ஸ்தோத்திரம் சொன்னேன். பேத்தி இப்போது தவழ்கிறாள். பிரசவம் பார்த்ததெல்லாம் சம்பந்தியம்மாதான். என்னால் முடியவில்லை. பார்க்கும் போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுகிறார். காட்டட்டும், தாயும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் நான் பயந்து பயந்து ஜெபிப்பதில்லை. என்ன வேண்டுமோ அதைச் சத்தமாகவே கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். ஊர் எதற்கு ஆமென் சொல்கிறது என்று பார்க்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் இன்னும் அடங்கவில்லை. டீக்கடையில், கம்பெனியில், சம்பந்தி வீட்டில், போகிற இடமெல்லாம் நான் ஜெபித்ததால்தான் உடைந்தது என்று என்னைத் திட்டுகிறார். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்பாரா என்று உங்களில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னை நம்ப வேண்டாம். அவரிடம் போய்க் கேளுங்கள்.